மணல் வாரும் அகப்பை

சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பது முன்னோர் வாக்கு. அடுக்களைக்கு அது முற்றும் பொருந்தும். ஆற்று மணலுக்கோ பாதிதான் பொருந்தும். மணலுள் இருக்கும் பொருள் அகப்பைக்குள் வரவேண்டுமாயின், அகப்பையின் வாயும் கண்ணும் பிடியும் அப்பொருளுக்கு இசைந்தனவாய் இருத்தல் வேண்டும். அத்தகைய அகப்பையைக் கடையிற் கொள்வதா, கையாற் செய்வதா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். வெளியூரில் வாழும் பழைய மாணவர் தத்தம் ஊரிற் கண்டவற்றை எழுதுமாறு மலர்க் குழுவினர் பணித்தனர். நாம் ரம்புக்கனையிற் கண்டது இது.

கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதத்திற் செல்வோர் ரம்புக்கனையை நன்கறிவர். கடுகண்ணாவை மலையேற்றம் அங்கிருந்தே தொடங்குகின்றது. ஊருக்கு அண்மையில் ஓடும் மா ஓயா, மலைநாட்டில் எழுந்து, 134 கிலோமீற்றர் ஓடி, நீர்கொழும்புக்கு வடக்கே கடலிற் கலக்கின்றது. பின்னவலையில் 1975ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற யானைகள் காப்பகத்தின் யானைகள் நாள்தோறும் நீராடுவதும் இவ்வாற்றிலேயே. கரைகளிலே தென்னையும் கமுகும். அவற்றுக்கப்பால் றப்பர்த் தோட்டங்கள். தோட்டத்து மக்களுக்குக் குளிக்கும் துறையும் துணி துவைக்கும் கல்லும் இவ்வாறே.

மணல் அகப்பை என்பது துளையிட்ட கலம் ஒன்றுக்குப் பிடி பூட்டிய கருவி. மணலில் வீழ்ந்த மோதிரம், தோடு, நாணயம் முதலியவற்றை மணலோடு சேர்த்து அள்ளி, மணலை மட்டும் கீழே ஒழுகவிட்டுப் பொருளை உள்ளே நிறுத்துவது அதன் தொழில். அவுஸ்திரேலியாவிலும் மேனாடுகளிலும் உலோகங்காட்டும் கருவியுடன் கடற்கரையில் உலாவுவோர் இதனைக் கடையில் வாங்குகின்றனர். துருவேறாத உருக்கு, அலுமினியம், பிளாஸ்ரிக் என மூவகையிலும் கிடைக்கின்றது. எம்முடன் கல்லூரியிற் பயின்று மெல்பேணிற் குடியேறிய நண்பர் ஒருவர், விடுமுறைக்கு வந்தபோது உருக்கினாலான ஒன்றை நம்மிடம் விட்டுச் சென்றார். ஒட்டுவேலை செம்மையானது, விளிம்பு கூரியது, கண்கள் ஏறத்தாழப் பத்து மில்லிமீற்றர் அகலம் உடையன.

ஒரு மாசி மாதம், ஆறு மெலிந்திருந்த வேளையில், அயலிலுள்ள தோட்டத்துப் பெண் ஒருத்தி நீராடும்போது ஒரு காதுத் தோட்டை மணலில் இழந்தாள். தாய் அவளுக்கு இட்ட தோடு அது. ஆண்டுதோறும் பிள்ளைகளின் பாடசாலைச் செலவுக்காக அடகுகடைக்குச் செல்வதும், பின்னர் மீள்வதுமாக இருந்தது. வீட்டிலிருந்த பொன் அவ்வளவே. செய்தியறிந்து நாம் உருக்கு அகப்பையை எடுத்துச் சென்றோம். அவள் அதை வாங்கிப் பார்த்தாள். பின்னர், மறுகாதிலிருந்த தோட்டைக் கழற்றி அகப்பையில் இட்டு, கீழே முந்தானையை ஏந்திக்கொண்டு குலுக்கினாள். தோடு முந்தானையில் விழுந்தது.

“ஐயா, தோடு இது வழியா ஓடிப்போயிருமுங்களே” என்றாள்.

அவள் செய்தது எளிய சோதனை. ஆயினும், கருவி வாங்குவோர் அனைவரும் செய்யவேண்டிய சோதனை அதுவே. கடலோரத்தில் மோதிரம் தேடுவோருக்காகச் செய்த கண் அது; மலைநாட்டு ஆற்றில் தோடு தேடுவோரை மனத்திற்கொண்டு எவரும் அதனைத் துளைக்கவில்லை. பொருளிற் குறையில்லை, தேவை வேறு.

அவள் கணவர் பால்வெட்டுத் தொழிலாளி. அன்றிரவே பிஸ்கற் தகரம் ஒன்றை எடுத்து, மண்ணுட் புகும் முனையைச் சரிவாக வெட்டினார். தகரத்தின் கீழே மரக்கட்டையை வைத்து, உட்புறமிருந்து வெளிப்புறமாக ஆணி அடித்துத் துளையிட்டார். அவ்வாறு அடிப்பின் பிசிர் வெளியே நிற்கும்; உட்புறம் வழுவழுப்பாயிருக்கும்; மணல் தடையின்றி ஒழுகும். வெளியே நின்ற பிசிரை அரத்தால் தேய்த்தார். துளைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக நேர்வரிசையில் இடாது, மேல்வரிசைத் துளைகளின் இடைவெளிக்கு நேரே கீழ்வரிசைத் துளை வருமாறு இட்டார். நேர்வரிசையாயின் தகரம் அவ்வழியே கிழியும். விளிம்பை மடித்து உள்ளே கம்பி வைத்தார். கமுகஞ் சிலாகையைப் பிடியாக்கி, இரண்டிடத்தில் ஆணி முடுக்கினார். ஓரிடத்தில் மட்டும் முடுக்கின் பாரம் ஏறியதும் பிடி சுழலும். துளையின் அளவை அவர் அடிக்கோல் கொண்டு அறியவில்லை. மனைவியின் எஞ்சிய தோட்டைக் கொண்டே அறிந்தார். அது நான்கு மில்லிமீற்றர் அளவில் அமைந்தது.

காலையிற் பால்வெட்டு முடித்து, பிற்பகலில் அவர்கள் தேடினர், நாமும் உடனிருந்தோம். துறையைக் குச்சி நட்டுக் கட்டங்களாக்கி, மேல்நீர்ப் பக்கமிருந்து தொடங்கினோம். அள்ளும்போது கலைந்த பொருள் நீரோட்டத்தோடு கீழே நகருமாயின், அது தேடி முடித்த இடத்துக்கன்று, இனித் தேடவேண்டிய இடத்துக்கே செல்லும். ஆற்றுமணலிற் பெரும்பாலானது படிகக்கல். அதன் அடர்த்தி நீரினும் 2.65 மடங்கு. தூய பொன்னின் அடர்த்தியோ 19.3 மடங்கு. ஆகவே மிதிபட்டுக் கலையும் மணலில் பொன் மேலே தங்காது. இறுகிய பருக்கைப் படை வரை இறங்கும். மேல்மணலை எத்தனை முறை அள்ளினும் பயனில்லை. இரண்டாம் நாள் மாலை, பாறையொன்றின் பின்னால், நீர் வேகந்தணியும் குழியில், பருக்கைக் கற்களோடு தோடு வந்தது. சுரை வரவில்லை, அது நான்கு மில்லிமீற்றர்க் கண்ணினும் சிறியது. சுரையைத் தட்டார் புதிதாகச் செய்து கொடுத்தார். தகர அகப்பையின் வாய் அதற்குள் நெளிந்துவிட்டது. மூன்றாம் நாள் அது உழைத்திராது.

இங்கே இருபுறமும் நியாயம் உண்டு என்பதை அன்பர்கள் காண்பர். கையாற் செய்தது கண்ணில் வென்றது. கடையிற் கொண்டது உறுதியில் வென்றது. கண்ணைச் சிறிதாக்கினால் எல்லாம் நன்றாகும் என எண்ணுதலும் தவறு. கண் சிறுத்தால் பருக்கை அடைக்கும். ஒழுகும் வேகம் குறையும். ஒவ்வோர் அள்ளலுக்கும் குலுக்கும் நேரம் கூடும். கலத்தின் பருமனும் அவ்வாறே. ஈரமணல் ஒரு லீற்றர் ஏறத்தாழ இரண்டு கிலோ நிறைகொள்ளும். மூன்று லீற்றர் கலம் நிறைந்தால் ஆறு கிலோ. நூறு முறை அள்ளுவோர் அறுநூறு கிலோ தூக்குகின்றனர். பெரிய கலத்தைக் கடையிற் கண்டு விரும்புவோர், மாலையில் தம் இடுப்பு என்ன சொல்லும் என்பதையும் எண்ணிக் கொள்ளல் நன்று.

மணல் அரிக்கும் கலையில் நம் சப்பிரகமுவ மாகாணத்துக்கு ஆசான் இரத்தினபுரி மாவட்டமே. மாணிக்கச் சுரங்கத்தில் ‘இல்லம்’ எனப்படும் பருக்கைப் படையை மேலேற்றி, மூங்கிற் கீற்றாற் பின்னிய அகன்ற கூடையில் இட்டு, நீரில் அமிழ்த்திச் சுழற்றுவர். சேறும் நுண்மணலும் பின்னலின் வழியும் விளிம்பின் வழியும் வெளியேறும். பாரமானவை அடியில் தங்கும். நீலமும் சிவப்புமான குருந்தக் கல்லின் அடர்த்தி நீரினும் நான்கு மடங்கு. எனவே அது படிகக்கல்லுக்குக் கீழே இறங்கும். அக்கூடையைச் சிங்களத்தில் ‘வட்டிய’ என்பர். பழந்தமிழிலும் வட்டி என்பது கூடையையும் ஓலைப்பெட்டியையும் குறிக்கும் சொல்லாதலை மாணவர் நினைவிற் கொள்க. நம் அன்னையர் அரிசியை நீரில் அரித்துக் கல்லை நீக்கியதும் இதே வித்தைதான். அங்கே அரிசி ஏனத்தை மாற, அடியில் நின்ற கல்லைக் கழித்தனர்; இங்கே அடியில் நிற்கும் கல்லைக் கொள்கின்றனர். பின்னலின் இடைவெளியைக் கூடை முடைவோர் கைவிரலால் அறிவர். அரிப்போரும் முடைவோரும் ஒரே ஊராராய் இருப்பதால், குறை கண்ட அன்றே அடுத்த கூடை திருந்துகின்றது. கடைப்பொருளுக்கு இவ்வசதி இல்லை. அதனைச் செய்தவர் நம் மணலைக் காணார். நாமும் அவரைக் காணோம்.

உலோகங்காட்டும் கருவியின் கதை சற்று வேறு. 1881ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்ட் சுடப்பட்டபோது, தொலைபேசி கண்ட அலெக்சாண்டர் கிரகம் பெல், அவருடலிற் புதைந்த குண்டைக் காண ஒரு மின்கருவி அமைத்தார். படுக்கையிலிருந்த உலோகச் சுருள்கள் கருவியைக் குழப்பின என்பர், குண்டு அகப்படவில்லை. அதன் பாடம் இன்றும் பொருந்தும்: கருவிக்கு அருகே உலோக அகப்பையைப் பிடித்தால், கருவி அகப்பையைக் கண்டே ஒலிக்கும். மரப்பிடி நன்று, தேடும்வேளை கலத்தை எட்ட வைத்தலும் வேண்டும். 2009ஆம் ஆண்டுக்குப் பின் வடக்கிலே கண்ணிவெடி அகற்றியோரும் இக்கருவியைப் பெரிதும் பயன்படுத்தினர். கருவி ஆணிக்கும் ஒலிக்கும், வெடிக்கும் ஒலிக்கும். எது என்பதை மனிதர் கை பதறாது அகழ்ந்தே அறிந்தது. மின்கருவி வாங்கவேண்டிய பொருள். அதனை வீட்டிற் செய்வது எல்லோர்க்கும் இயலாது. ஆனால் அது இடத்தை மட்டுமே காட்டும், எடுப்பது கைக்கருவியே.

தேடப்போகும் இளைஞருக்குச் சட்டத்தையும் சொல்லவேண்டியது நம் கடன். தொல்பொருள் தேடி அனுமதியின்றி அகழ்தல் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி குற்றம். மாணிக்கம் அகழ 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அனுமதி வேண்டும். ஆற்றுமணலை வணிகத்துக்கு அள்ள, 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அனுமதி வேண்டும். மா ஓயா மிகையான மணலகழ்வால் நொந்த ஆறு. தவறிய பொருளைத் தேடுவோர் அரித்த மணலை அதே குழியிற் சொரிந்து செல்லுதல் பண்பாகும்.

இனி, செய்வதோ வாங்குவதோ? மூன்றாவது வழியும் உண்டு: செய்விப்பது. தகர அகப்பை கற்பித்த அளவுகளைக் குறித்துக்கொண்டு நாம் கொல்லர் பட்டறைக்குச் சென்றோம். ஐந்து மில்லிமீற்றர்க் கண்ணும், இரண்டு லீற்றர் கொள்ளளவும், சரிந்த வாயும், நெஞ்சளவு கமுகம்பிடியும் உடைய ஒன்று கிடைத்தது. அதனையே இன்று அயலார் இரவல் கொள்கின்றனர். உருக்கு அகப்பையும் வீண்போகவில்லை. மோதிரம் தவறினால் அதுவே விரைவானது. தகரத்தில் ஒரு முறை செய்து பார்த்திராவிடின், கொல்லரிடம் என்ன அளவு கேட்பது என்றே நாம் அறிந்திரோம். கடைக்காரரிடமும் விலையை மட்டுமே கேட்டிருப்போம்.

நம் கல்லூரியின் மரவேலைக் கொட்டிலில், சோதனைக்கு உதவாத பாடமென்று பலர் அரைமனத்தோடு நின்றதுண்டு. இன்றைய மாணவர்க்கு நாம் கூறுவது இது. முதலாவதை மலிந்த பொருளிற் செய்து பாருங்கள். அதன் குறைகளை எழுதி வையுங்கள். பிறகு, வேண்டுமாயின், நல்லதை வாங்குங்கள். வாங்குமுன் எஞ்சிய தோட்டை அதில் இட்டுக் குலுக்குங்கள். அந்தப் பெண் எந்தக் கல்லூரியிலும் பயின்றவளல்லள்; எமக்குக் கிடைத்த ஆசிரியர் வரிசையில் அவளையும் வைத்தே எண்ணுகின்றோம்.