செனட் ஹவுஸில் ஒரு காலை

"அம்மா, டேப் பிடிக்க ஆள் வேணும், வாயேன்" என்றாள் கட்டடக்கலை படிக்கும் என் மகள். சமையலை முடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மெரினாவுக்கு எதிரே, சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ். சிஷோம் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்து, 1874 முதல் 1879 வரை கட்டியதாம். நாலு மூலையிலும் கோபுரங்கள், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள்!

தூண், வளைவு எல்லாம் அளந்து, விரிசலைக்கூட நோட்டில் குறித்தாள்.

"விரிசல் எதுக்குடி?"

"அது பெருசாகுதான்னு பின்னால ஒப்பிட்டுப் பார்க்கணுமே. ரிப்பேர் பண்றவங்களுக்கும் பழசு எப்படி இருந்ததுன்னு தெரியணும்."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் மாமனார் வீட்டை இடித்தபோது ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. அன்று மாலையே மாமியாரிடம் கேட்டுக் கேட்டு முற்றம், ஊஞ்சல், அடுப்படி எல்லாம் வரைந்தேன். நீங்களும் பெரியவர்களைக் கேட்டு வரைந்து வையுங்கள், சகோதரிகளே.