அடிக்கு அரை அங்குலம்

மாமா வீட்டுக்குள் நுழையுமுன் அவர் மேலிருக்கும் அரக்கு வாசனை நுழைந்துவிடும். திருச்சி ஜங்ஷனில் ரயில்வே தபால் பிரிக்கிற ஆர்.எம்.எஸ்.ஸில் சார்ட்டர் அவர். ராத்திரி முழுக்க நின்றபடியே கடிதங்களை ஊர் ஊராகப் பிரித்து, பையில் போட்டுக் கட்டி, சணல் சுற்றி, அரக்கை உருக்கி முத்திரை குத்திவிட்டு, விடிந்தும் விடியாமலும் வந்து சைக்கிளை நடையில் சாய்ப்பார். அம்மாச்சி காபியை ஆற்றிக்கொண்டே, "குளிச்சிட்டு வந்து குடிடா" என்பாள். எனக்கோ அந்த வாடை பிடிக்கும். கருகின மெழுகும் சணலும் பழங்காகிதமும் கலந்த அந்த மணத்துக்காகவே அவர் சட்டையை வாங்கி ஆணியில் மாட்டுகிற வேலையை நானாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுக் கொலுவில் படிகள் அம்மாச்சியின் ராஜ்யம். தசாவதாரமும் மரப்பாச்சியும் எந்தப் படியில் எந்தப் பக்கம் என்பது அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாறாதது. படிக்குக் கீழே தரையில் போடுகிற 'பார்க்' மட்டும் எங்களுக்கு. கண்ணாடித் துண்டில் குளம், அதில் பிளாஸ்டிக் வாத்து, சுற்றிலும் முளைவிட்ட கேழ்வரகு, ஓரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் செட்டியார் பொம்மை, வருஷா வருஷம் இதேதான். அந்த வருஷம் ஆவணி முடிகிற சமயம், மாமா தன் தபால்தலை ஆல்பத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, "பாப்பா, இந்தத் தடவை பார்க் வேணாம். ஏரோடிராம் போடுவோம்" என்றார்.

அவர் விரல் வைத்துக் காட்டியது 1979இல் தபால் இலாகா வெளியிட்ட ஒரு தலை. அதில் சின்னதாக ஒரு பழைய காலத்து விமானம். புஸ் மாத் என்று பெயர் சொன்னார். பூனைக்குட்டியைக் கூப்பிடுகிற மாதிரி இருந்ததால் அன்றைக்கே மனசில் ஒட்டிக்கொண்டது. லண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் விமானம் கராச்சி வரைக்கும் தபால் கொண்டுவந்து போட்டுவிடுமாம். அங்கிருந்து இந்தப் பக்கம் வர ரயில்தான். 1932 அக்டோபர் 15ஆம் தேதி காலை, ஜே.ஆர்.டி. டாட்டா என்கிற 28 வயசுக்காரர் ஒரு புஸ் மாத்தில் தபாலை ஏற்றிக்கொண்டு கராச்சியிலிருந்து தனியாகக் கிளம்பி, ஆமதாபாத்தில் இறங்கி ஏறி, மத்தியானம் பம்பாய் ஜுஹுவில் இறங்கியிருக்கிறார். ரேடியோ கிடையாது, தரையில் வழி சொல்ல ஆள் கிடையாது. ஜுஹுவில் காத்திருந்த நெவில் வின்சென்ட் இன்னொரு புஸ் மாத்தில் தபாலை வாங்கிக்கொண்டு பெல்லாரி வழியாக மெட்ராஸ் வந்து சேர்ந்திருக்கிறார். "அம்பது வருஷமாகப் போவுது. அந்தப் பையில நம்ம திருச்சிக்கும் ஒரு லெட்டர் இருந்திருக்கும்ல, அத நம்ம ஆர்.எம்.எஸ்.ல ஒருத்தன் பிரிச்சிருப்பான்ல" என்று மாமா சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். தன் சொந்த அண்ணன் தம்பியைப் பற்றிப் பேசுகிற முகம் அது.

மாவட்ட மைய நூலகத்தில் ஒரு தடிப் புத்தகத்திலிருந்து மேல்பார்வை, பக்கப் பார்வை, முன்பார்வை என்று மூன்று படம் டிரேஸ் எடுத்து வந்தார். நிஜ விமானம் 25 அடி நீளம், இறகுக்கு இறகு 36 அடி 9 அங்குலம். அடிக்கு அரை அங்குலம் என்று கணக்கு வைத்தார். ஆக எங்கள் விமானம் பன்னிரண்டரை அங்குல நீளம், இறகு பதினெட்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. அதோடு விட்டாரா, "இனிமே இந்தத் தரையில வர்ற எல்லாமே இந்தக் கணக்குத்தான். மாடு, மனுசன், புல்லு எல்லாம்" என்றார். என் பள்ளிக்கூட ஸ்கேலை வாங்கி, அரை அங்குலத்துக்கு ஒரு கோடு மசியால் போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து நான் கண்ணில் பட்டதையெல்லாம் அளந்தேன். அம்மாச்சி வீட்டில் நடமாடும்போது அவளை அந்த ஸ்கேலில் சுருக்கிப் பார்த்தால் இரண்டரை அங்குலம்தான் வந்தாள்.

விமானத்தின் உடம்புக்குத் தஞ்சாவூரிலிருந்து நெட்டி வந்தது. நெட்டி தெரியும்தானே, குளத்தில் வளர்கிற தண்டு. தோலைச் சீவினால் உள்ளே பால்வெள்ளையாக இருக்கும், கையில் வைத்தால் கனமே தெரியாது. பெரிய கோயிலையே அதில் செதுக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்பார்களே, அதேதான். தண்டுகளைப் பக்கம் பக்கமாக வஜ்ரத்தில் ஒட்டி, காய்ந்ததும் சவர பிளேடால் சீவுவார் மாமா. சீவல் சுருள் சுருளாக மடியில் விழும்போது ஒரு மெல்லிய 'சர்ர்' சத்தம், அதைக் கேட்டுக்கொண்டே மத்தியான நேரத்தில் எனக்குத் தூக்கம் சொக்கும். வஜ்ரம் காய்ச்சுகிற நாற்றத்துக்கு அம்மாச்சி எங்களைக் கொல்லைக்குத் துரத்திவிட்டாள். கிணற்றடித் துவைக்கல்தான் எங்கள் பட்டறை.

இறகுக்கு மூங்கில் சீவிச் சட்டம் கட்டினோம். அதன் மேல் பட்டம் ஒட்டுகிற காகிதத்தை மைதாப் பசையில் ஒட்டி விரித்தபோது, அது தொளதொளவென்று சுருங்கிக் கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமா ஒரு வாய் தண்ணீரை எடுத்து, இஸ்திரிக்காரர் வேட்டிக்கு ஊதுவாரே அப்படிப் புகையாக ஊதினார். கொல்லை நிழலில் காயவிட்டுப் போய்ச் சாப்பிட்டு வந்து பார்த்தால், காகிதம் இழுத்துக்கொண்டு விறைப்பாக நிற்கிறது. சுண்டினால் 'டம்' என்கிறது. நிஜ விமானத்திலும் மரச்சட்டத்தின் மேல் துணியைப் போர்த்தி, டோப் என்று ஒரு மருந்துச் சாயத்தைப் பூசுவார்களாம். அது காயும்போது துணி இப்படித்தான் இறுகுமாம். இவ்வளவு பெரிய விஷயம் எங்கள் துவைக்கல் மேலேயே நடந்துவிட்டதில் எனக்கு ஏற்பட்ட பிரமிப்பு, பிற்பாடு நிஜ ஜெட் விமானத்தில் ஏறி உட்கார்ந்தபோதுகூட வரவில்லை.

புஸ் மாத்தின் அழகே அதன் மூக்குதான். எஞ்சினைத் தலைகீழாக மாட்டியிருப்பார்கள், சிலிண்டர்கள் கீழ்நோக்கித் தொங்கும். அதனால் மூக்கின் மேல்பக்கம் தாழ்ந்து, ஓட்டுகிறவருக்கு எதிரே இருப்பது நன்றாகத் தெரியும். மாமா அந்தத் தாழ்வு வரும்வரை செதுக்கிச் செதுக்கி இரண்டு மூக்குகளைத் தூக்கிப் போட்டார். ஜன்னலுக்குப் பழைய எக்ஸ்ரே படத்தைக் கழுவிக் கண்ணாடியாக்கினோம். சக்கரம் கோட்டுப் பொத்தான், காற்றாடி ஐஸ் குச்சி, இறகைத் தாங்கும் கம்பிகள் தென்னை ஈர்க்கு. நிஜ விமானத்தில் இறகுகளைப் பின்னால் மடக்கிச் சின்னக் கொட்டகையில் நிறுத்திவிடலாம் என்று படித்திருந்தாராம். எங்களுடையதிலும் குண்டூசி கோத்து மடக்க வைத்தார். அலுமினியப் பெயின்ட் பூசி, காய்ந்த பிறகு வி.டி.-ஏ.டி.என். என்ற பதிவெண்ணை மை தொட்ட ஊசி முனையால் எழுதினார். மூச்சை அடக்கிக்கொண்டு அவர் எழுத, நானும் கூடவே அடக்கிக்கொண்டேன்.

விமானம் முடிந்துவிட்டது, இனி நடுவில் வைத்துவிட வேண்டியதுதான் என்றிருந்தேன். மாமாவுக்கு அப்போதுதான் வேலையே ஆரம்பம். ஆமதாபாத் காட்சியைத்தான் போடுவது என்று தீர்மானித்திருந்தார். காரணம் அங்கே விமானத்துக்குப் பெட்ரோல் எதில் வந்தது தெரியுமா? மாட்டு வண்டியில். பர்மா ஷெல் கம்பெனியின் 4 காலன் டின்கள் மாட்டு வண்டியில் வந்து இறங்கியிருக்கின்றன. "விமானத்த மட்டும் வச்சா அது பொம்மை. பக்கத்துல ஒரு டின்னு வச்சுப் பாரு" என்றார். சாக்பீஸைச் சதுரமாக அரத்தில் தேய்த்து, அரை அங்குலத்துக்குச் சற்று மேல் உயரமாக நறுக்கி, சாக்லேட் சுற்றிவரும் வெள்ளித்தாளை ஒட்டியது நான். அப்படி ஒன்றைச் சக்கரத்தின் அருகே வைத்ததும், அந்த விமானம் சட்டென்று பெரிசானது. நிஜமாகவே பெரிசானது. அந்த டின்னைத் தூக்குகிற ஆள் எவ்வளவு உயரம் இருப்பான், அவன் அண்ணாந்து பார்த்தால் இறகு எங்கே இருக்கும் என்றெல்லாம் கண் தானாகவே கணக்குப் போட்டுவிட்டது.

மாடுகளுக்கு உய்யக்கொண்டான் வாய்க்காலிலிருந்து வண்டல் எடுத்து வந்தோம். ஒரு மாடு படுத்து அசைபோட, இன்னொன்று நின்றபடி. நுகத்தடியை இறக்கி வைத்த வண்டி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு இறகு நிழலில் நிற்கிற விமானி மூன்று அங்குலத்துக்கும் குறைவுதான்.

பிறகு தபால் பை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லியாக வேண்டும். தன் பழைய காக்கி கால்சட்டையின் முழங்கால் துணியை மாமா வெட்டிக் கொடுத்தார். ஆபீஸில் கிழிந்துபோன பைத்துணி கிடந்தாலும் சர்க்கார் சாமான் ஒரு இழைகூட வீட்டுக்கு வராது. அம்மாச்சி தைத்தாள். வைக்கோல் அடைக்கலாம் என்று நான் சொன்னதற்கு, "வெறும் பைக்கு எப்படிம்மா அரக்கு வைக்கிறது?" என்று கேட்டார். கேலியில்லை, நிஜமாகவே அவருக்கு அது முடியாது. ஆகவே கால் அங்குலக் கடிதங்கள் தயாராயின. நீல இன்லண்டு லெட்டரின் ஓரத்தை நறுக்கி, ஒவ்வொன்றிலும் கூர்ப் பென்சிலால் ஓர் ஊர்ப்பெயர் எழுதினேன்: தென்னூர், லால்குடி, முசிறி, மணப்பாறை. அவற்றை உள்ளே போட்டு, கழுத்தில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சிட்டு, ஊசி முனையில் எடுத்த ஒரு சொட்டு அரக்கை முடிச்சின் மேல் வைத்தார். சீலுக்குப் பதிலாக ஊக்கின் தலையால் ஓர் அழுத்து. அன்றைக்குக் கொல்லையெல்லாம் ஆபீஸ் வாசனை.

செட்டியார் விஷயத்தில் வீட்டில் பெரிய சண்டை. ஆறங்குலச் செட்டியாரை மாட்டு வண்டிப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்தாள் அம்மாச்சி. மாமா ஸ்கேலை வைத்து அளந்து, "அம்மா, உக்காந்தே இவரு பன்னெண்டடி. எந்திரிச்சா விமானத்தக் கக்கத்துல இடுக்கிட்டுப் போயிருவாரு" என்றார். "அவரில்லாம எனக்குக் கொலுவே வேணாம்" என்று அவள் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. கடைசியில் செட்டியாருக்கு முதல் படியில் இடமாயிற்று, அரிசி பருப்போடு. கேழ்வரகுப் பயிருக்கும் அளவு வந்தது. அது இரண்டு அங்குலம் வளர்ந்தால் நாலடிப் புல், மாட்டு வயிறு மறைந்துவிடும். தினம் காலையில் கத்திரிக்கோலால் அதை அரை அங்குலத்துக்கு வெட்டிவிடுவது என் பொறுப்பு. அந்தப் பச்சை வாசனை பள்ளிக்கூடம் போகும்வரை விரலிலேயே இருக்கும்.

கொலு வைக்கப்போகிற அந்த வாரத்தில்தான் ஜே.ஆர்.டி. தமது 78ஆம் வயதில், லெப்பர்டு மாத் என்னும் பழைய விமானத்தில், கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அதே தடத்தில் மறுபடியும் ஓட்டி வந்தார். மறுநாள் பேப்பரில் அந்தச் செய்தியைப் பார்த்து மாமா அதைக் கத்தரித்து, ஆல்பத்தில் தபால்தலைக்கு எதிர்ப்பக்கத்தில் ஒட்டினார். ஒன்றும் பேசவில்லை. எனக்கு மட்டும் ஒரு ஐம்பது பைசா கொடுத்தார்.

சுண்டலுக்கு வந்த பெண்களும் பிள்ளைகளும் விமானத்தைத்தான் பார்த்தார்கள். மாமா எதிர்பார்த்துக் காத்திருந்தது அவர்களை இல்லை. ஒரு நாள் விடியற்காலை, டூட்டி முடிந்த சார்ட்டர்கள் நாலைந்து பேரைச் சைக்கிளோடு கூட்டி வந்தார். தூக்கக் கண்களோடு வரிசையாகக் குத்த வைத்து உட்கார்ந்தார்கள். அவர்களில் மூத்தவர், தலை நரைத்தவர், விமானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குனிந்து பையை உற்றுப் பார்த்தார். "ரெண்டு சுத்து சுத்தி முடிச்சு மேலயே அரக்கு வச்சிருக்கான்யா. பை பாஸு" என்றார். மாமா தலையைத் திருப்பிக்கொண்டு, "காபி கொண்டா பாப்பா" என்றார். அவர் காது சிவந்திருந்தது.

இன்றைக்கு அச்சுப் பிசகாமல் வார்த்த பிளாஸ்டிக் விமானங்கள் பெட்டியில் வருகின்றன, நல்லவைதான், வாங்குங்கள். ஆனால் பக்கத்தில் வைக்கிற டின்னையும் வண்டியையும் பையையும் பிள்ளைகளே செய்யட்டும். கொலு வைக்கிற வீட்டில் இருந்தால் இந்த வருஷம் படிக்குக் கீழே நாலு சதுர அடியையும் ஒரு ஸ்கேலையும் அவர்களிடம் கொடுத்துவிட்டு, செட்டியாருக்கு மேலே இடம் பார்த்து வையுங்கள். நெட்டி வேண்டுமென்றால் தஞ்சாவூரில் அந்த வேலை செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேழ்வரகை மட்டும் ஒரு வாரம் முன்னாலேயே விதைத்துவிட வேண்டும்.