பூட்டில் இல்லாத பழுது

நாமக்கல் பக்கத்து லாரிப் பட்டறைகளுக்குப் பழைய வண்டியின் கதவு ஆடுகிறது என்று வருகிறவர்கள், பெரும்பாலும் புது லாக்கையும் வாங்கிக்கொண்டே வருகிறார்கள். பட்டறைக்காரர் அதை ஓரமாக வைத்துவிட்டுக் கதவைப் பாதி திறந்து, லாக் இருக்கும் முனையைக் கீழிருந்து தூக்கிப் பார்க்கிறார். கதவு மேலும் கீழும் அசைந்தால் கோளாறு கீலில். அசையவில்லை என்றால்தான் லாக்கின் நாக்கு உட்காரும் ஸ்டிரைக்கர், அதற்கும் பிறகுதான் லாக். "லாக்கைத் தொடாத தம்பி, மொதல்ல கதவைத் தூக்கிப் பாரு" என்று கற்றுக்கொள்ள வந்த பையனிடம் சொல்வதில் இந்தத் தொழிலின் பாதி அடங்கிவிடுகிறது. சத்தம் கேட்கும் இடமும் பழுது இருக்கும் இடமும் வேறு வேறு. பட்டறைக்காரர் விற்பது அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் அறிவை. நாம் கூலி கொடுப்பதோ ஸ்பேனர் பிடித்த நேரத்துக்கு மட்டும்.

பழைய லாரியில் கீல் கோளாறு கூடுதலாக வருவதற்குக் காரணம் வண்டியின் பிறப்பிலேயே இருக்கிறது. ஆலையிலிருந்து சேஸிஸ் மட்டும் வரும். கேபினை உள்ளூர்ப் பட்டறைகள் மரச்சட்டம் அடித்து, தகடு போர்த்திக் கட்டும். 1954இல் டைம்லர்-பென்ஸ் கூட்டுடன் டெல்கோ நிறுவனம் லாரி செய்யத் தொடங்கிய நாளிலிருந்து, வெகுகாலம் வழக்கம் இதுதான். ஏணி போன்ற சேஸிஸ் மேடுபள்ளத்தில் முறுக்கிக்கொள்ளும். மரப் பொருத்துகள் அந்த முறுக்கை வாங்கி வாங்கி விட்டுக்கொடுக்கும். ஓட்டுநர் கதவைப் பிடித்துத் தொங்கி ஏறுவதும் சேர்ந்துகொள்கிறது. இரண்டு கீல்களுக்கும் இடைவெளி ஒன்றரை அடி, கதவின் அகலம் இரண்டரை அடி என்று வைத்துக்கொள்வோம். மேல் கீலில் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் லாக் முனை ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் இறங்கிவிடும். பிறகு லாக்கின் நாக்கு ஸ்டிரைக்கரில் சரியாக உட்காராது. இரண்டு 'கிளிக்' கேட்க வேண்டிய இடத்தில் ஒன்றோடு நின்றுவிடும். கதவு கடகடக்கிறதே என்று ஓங்கி அறைகிறார்கள். அறைய அறைய ஸ்டிரைக்கரும் தேய்கிறது.

ஆகவே வேலைக்கு ஒரு வரிசை உண்டு. தேய்ந்த கீல் பின்னைக் கழற்றி, துளையைச் சீராக்கி, சற்றே தடித்த பின்னைப் போடுவது முதல் வேலை. மரத்தில் திருகுத் துளை அகன்றிருந்தால் அங்கே மரக்கட்டை அடித்து அடைத்து, புதிதாகத் துளையிட வேண்டும். இதை விட்டுவிட்டு நீளமான திருகை முறுக்குவது சில வாரத்து ஏற்பாடுதான். கதவு நிமிர்ந்த பிறகு ஸ்டிரைக்கரில் கிரீஸ் தடவிச் சாத்தித் திறந்தால், நாக்கு எங்கே உரசுகிறது என்று தடம் காட்டிவிடும். தடத்தைப் பார்த்து ஸ்டிரைக்கரை நகர்த்துவார்கள், அல்லது பின்னால் மெல்லிய தகட்டைப் பேக்கிங்காகக் கொடுப்பார்கள். நசுங்கிப்போன ரப்பர் பீடிங்கை மாற்றுவது கடைசி வேலை. அதை முதலில் செய்தால் புது ரப்பரின் இறுக்கம் ஆட்டத்தை மறைத்துவிடும்.

இத்தனை மெனக்கெடுவதைவிடப் புது லாக்கே மலிவாயிற்றே என்று கேட்கலாம். மலிவுதான். ஆனால் இறங்கிய கதவில் மாட்டிய புது லாக்கும் பழையது தேய்ந்த இடத்திலேயே தேயும். அந்தச் செலவு திரும்பத் திரும்ப வரும். பாதுகாப்பைச் சொல்லி எழுப்பும் ஆட்சேபத்தை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. விபத்தில் கதவு திறந்து வெளியே வீசப்படுவது உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்பதை 1950களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு எடுத்துக்காட்டியது. பின்னர் அந்நாட்டில் வந்த விதி, முழுதாகப் பூட்டிய லாக் நீளவாக்கில் 11,000 நியூட்டன், குறுக்குவாக்கில் 8,900 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும் என்றது; முதல் கிளிக்கில் நின்ற லாக்குக்கு வைத்த அளவு வெறும் 4,450. பழைய லாக்குகள் பல இந்தக் கணக்கில் தேறாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நாக்கின் பல் மழுங்கியிருந்தால் மாற்றத்தான் வேண்டும், பட்டறைக்காரர்களும் மாற்றுகிறார்கள். ஆனால் இதே எண்கள் கீலைக் கவனிக்கவும் சொல்கின்றன. இறங்கிய கதவில் எவ்வளவு உயர்ந்த லாக்கை மாட்டினாலும் அது முதல் கிளிக்கில்தான் நிற்கும். மரத்தூணில் தளர்ந்த திருகு பிடித்திருக்கும் வரை லாக்கின் வலிமைக்கும் பொருளில்லை.

இன்னொரு ஆட்சேபம், இவர்கள் அளவுகோல் இல்லாமல் கண்ணால் வேலை செய்கிறவர்கள் என்பது. கிரீஸ் தடமும், கதவைச் சுற்றிய இடைவெளியை விரலால் தடவிப் பார்ப்பதும் அளவுகள் இல்லையென்றால் வேறென்ன? யார் செய்தாலும் அதே விடை வருகிறது. இதைக் கற்றுக்கொடுக்கவும் முடிகிறது. கற்க வருகிறவர்கள்தான் குறைவு. வேலைக்கு இத்தனை என்று பேசும் கூலியில், கோளாறைத் தேடிய நேரம் கணக்கில் வருவதில்லை. ஒரு பின்னையும் இரண்டு வாஷரையும் மாற்றியதற்கா இவ்வளவு என்று பேரம் தொடங்குகிறது. புது லாக்கை மாட்டியிருந்தால் யாரும் பேரம் பேசியிருக்க மாட்டார்கள், பொருளின் விலை கண்ணுக்குத் தெரியும் அல்லவா! சில பட்டறைகளில் இப்போது கதவு பார்ப்பதற்குத் தனிக்கூலி கேட்கிறார்கள். வண்டிக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டேதான் கொடுக்கிறார்கள்.