நின்றுபோன இயந்திரம்

சென்ற வருடம் கனடாவில் ஸ்காபரோவில் வசிக்கும் என் அக்காவிடம் ஒரு மாத விடுமுறையில் போயிருந்தேன். 1995 இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தபோது, சிறுமியாக இருந்த என்னைக் கைப்பிடித்து நடத்திவந்தவள் அவள். அத்தான் இறந்து அப்போது இரண்டு வருடங்கள். பிள்ளைகள் வெளியூரில் படிக்கிறார்கள்.

முதல் நாள் காலை, அக்கா முழங்காலில் இருந்து மாடிப்படிக் கம்பளத்தைத் தூரிகையால் கூட்டிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் சுவர்களுக்குள் குழாய் பதித்த தூசி உறிஞ்சும் இயந்திரம் உண்டு. மோட்டர் கராஜில் இருக்கும். நீண்ட குழாயொன்றைச் சுவரிலுள்ள துவாரத்தில் செருகினால் அது இயங்கி, தூசியைக் கராஜிலுள்ள வாளிக்கு இழுத்துவிடும்.

“அது நிண்டுபோச்சடி. உதுகளெல்லாம் அவர்தான் பாக்கிறவர்” என்றாள் அக்கா.

பல்கலைக்கழகத்தில் பால்நிலை வேலைப் பிரிவினை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். கிளிநொச்சியில் கணவரை இழந்த பெண்களுக்கு “உங்களால் முடியும்” என்று சொல்பவள். ஆனாலும் கராஜ் கதவடியில் எனக்கும் தயக்கமாகத்தான் இருந்தது.

இயந்திரத்தின் அருகில் அத்தான் வைத்திருந்த கையேடு இருந்தது. இருவரும் வாசித்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முதலில் மோட்டரின் பிளக்கைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் மேசை விளக்கைச் செருகினோம். எரிந்தது. எனவே மின்சாரம் வருகிறது. மோட்டரைத் திரும்பச் செருகி, குழாயை வேறு அறைகளின் துவாரங்களில் பொருத்திப் பார்த்தோம். எங்கும் சத்தமில்லை. ஆகவே பிழை ஒரு துவாரத்தில் மட்டும் இல்லை. பிறகு மோட்டரைச் சுற்றிப் பார்த்தோம். பக்கத்தில் ஒரு சிறிய பொத்தான் வெளியே தள்ளி நின்றது. மோட்டருக்குச் சுமை கூடினால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் பொத்தான் அது.

பிளக்கைக் கழற்றிவிட்டு வாளியைத் திறந்தோம். கழுத்துவரை தூசி. காற்றுப் போக வழியில்லாமல் மோட்டர் திணறியிருக்கிறது.

“இதைக் கொட்ட வேணுமெண்டு அவரும் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை” என்றாள் அக்கா. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

வாளியைக் கொட்டி, வடிகட்டியைத் தட்டிச் சுத்தமாக்கி, பிளக்கைச் செருகி அந்தப் பொத்தானை அக்காவே அழுத்தினாள். குழாயைச் சுவரில் பொருத்தியதும் இயந்திரம் இரைந்தது.

சகோதரிகளே, எங்கள் வீடுகளில் இந்த இயந்திரம் இல்லை. ஆனால் தண்ணீர் மோட்டரும் கிரைண்டரும் இருக்கின்றன. அவை நின்றால் யாரையாவது கூப்பிடுமுன் பாருங்கள்: மின்சாரம் வருகிறதா? ட்ரிப் சுவிச் விழுந்திருக்கிறதா? மோட்டர் சூடேறியிருக்கிறதா? எதுவும் அடைத்திருக்கிறதா? கை ஈரமில்லாமல், பிளக்கைக் கழற்றிய பின்பே இயந்திரத்தைத் தொடுங்கள். கருகிய மணம் வந்தாலோ, சுவிச் திரும்பத் திரும்ப விழுந்தாலோ மின் வேலை தெரிந்தவரை அழையுங்கள். அவர் திருத்தும்போது பக்கத்தில் நின்று, என்ன பிழை என்று கேளுங்கள்.

அக்கா இப்போது மாதம் ஒருமுறை வாளியைத் தானே கொட்டுகிறாள். கொட்டிய திகதியைக் கையேட்டின் பின்பக்கத்தில் எழுதியும் வைக்கிறாள்.