சுண்ணாம்பு வாங்கிய கடன்

சாதம் கொதிக்க அடுப்பு வேண்டும். காபிக்கு வெந்நீர் போட அடுப்பு வேண்டும். அடுப்பே இல்லாமல் தளதளவென்று கொதிக்கிற பண்டம் ஒன்று உண்டு, தெரியுமோ? பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்த வீட்டில் வளர்ந்தவர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள்: சுண்ணாம்பு!

டப்பா பெயிண்ட் வந்த பிறகு சுண்ணாம்புக்கு மவுசு குறைந்துவிட்டது. ஆனாலும் எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவருக்கு இன்னும் சுண்ணாம்புதான். சென்ற மார்கழிக் கடைசியில் வெள்ளையடிக்க வந்த பெரியவர், தகர டிரம்மில் நிறையத் தண்ணீர் விட்டு, சுட்ட சுண்ணாம்புக் கற்களை ஒவ்வொன்றாகப் போட்டார். 'சுர்'ரென்று சத்தம், குபுகுபுவென்று ஆவி. பக்கத்து வீட்டுச் சிறுமி கண்ணை அகல விரித்துக் கொண்டு கேட்டாள்:

"தாத்தா, அடியிலே நெருப்பே இல்லையே! எப்படிக் கொதிக்குது?"

"காளவாயிலே குடிச்ச நெருப்பு, பாப்பா. தண்ணியைக் கண்டதும் கக்குது. நீ தள்ளி நில்லு."

கல்லூரியில் ரசாயனம் படித்த நான் அசந்து போனேன். பாட புத்தகம் பத்துப் பக்கத்தில் சொல்வதைப் பெரியவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாரே!

வீட்டுச் செலவுக் கணக்கு எழுதுகிற பெண்களுக்கு இந்த விஷயம் எளிதில் புரியும். சுண்ணாம்புக் கல்லோ கிளிஞ்சலோ, இரண்டும் ஒரே சரக்குதான். அதைக் காளவாயில் ஏறக்குறைய 900 டிகிரி சூட்டில் எரிக்கும்போது கரியமில வாயு பிரிந்து போய்விடுகிறது. அப்படிப் பிரிப்பதற்கு உஷ்ணம் செலவாகிறது. 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்க வேண்டுமானால், சுமார் 1.8 கிலோ கல் வேண்டும். அந்தக் கல் சுமார் 760 கலோரி உஷ்ணத்தை விழுங்குகிறது. (சாப்பாட்டுக் கணக்கில் டாக்டர்கள் சொல்கிறார்களே, அதே கலோரிதான்.) இது சுண்ணாம்பு வாங்கிய கடன்.

தண்ணீரில் போட்டு நீற்றும்போது முதல் தவணையாக 280 கலோரியைத் திருப்பிக் கொடுக்கிறது. அது முழுவதும் தண்ணீருக்கே போய்ச் சேர்ந்தால், சுமார் 4 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டு வந்துவிடும்! மீதி 480? சுவரில் பூசிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கொண்டு மறுபடியும் கல்லாகிறதல்லவா? அப்போது அந்த மீதியும் வெளியே வந்துவிடுகிறது. நாள் கணக்கில் மெல்ல மெல்ல வருவதால், சுவரைத் தொட்டுப் பார்த்தால் நமக்குத் தெரிவதில்லை. 280-ம் 480-ம் 760. கடன் பைசல்!

இந்தக் கணக்கு சுண்ணாம்புக்கு மட்டும் உரியதல்ல. ஜெனிவாவில் பிறந்து ரஷ்யாவில் வாழ்ந்த ஹெஸ் என்ற ரசாயன அறிஞர் 1840-ல் இதைப் பொது விதியாகவே சொன்னார். ஒரு பொருள் வேறொன்றாக மாறும்போது, ஒரே தாவாகத் தாவினாலும் சரி, பல படிகளாக இறங்கினாலும் சரி, உஷ்ணத்தின் மொத்த வரவு செலவு ஒன்றேதான். காஸ் அடுப்பு எரிவதும் நாம் உண்ட சோறு உடம்பில் சூடாவதும் இந்தக் கணக்குக்குள் அடக்கம்.

இதையெல்லாம் நான் எழுதுவதற்கு வேறொரு காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு சிறுவனின் கண்ணில் சுட்ட சுண்ணாம்புத் துணுக்கு தெறித்துவிட்டது. தாயார் தண்ணீர்ச் செம்புடன் ஓடி வந்தாள். "ஐயையோ, தண்ணி ஊத்தாதே! கண்ணுக்குள்ளே கொதிக்கும்!" என்று கூடியிருந்தவர்கள் தடுத்துவிட்டார்கள். யாரோ எண்ணெய் விட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் வரை கண்ணைக் கழுவவே இல்லை. அந்தக் கண்ணில் இன்று வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது.

பாதி உண்மை எவ்வளவு பொல்லாதது, பாருங்கள்! தண்ணீர் பட்டால் சுண்ணாம்பு கொதிக்கும் என்பது வாஸ்தவம். ஆனால் கண்ணில் கண்ணீர் என்ற தண்ணீர் முன்பே இருக்கிறதே! கொஞ்சம் தண்ணீர் என்றால் சூடு அங்கேயே தங்கிச் சுடும். தாராளமாக ஓடுகிற தண்ணீர் சூட்டையும் சுமந்து போகும், சுண்ணாம்பையும் அடித்துக் கொண்டு போகும். அதோடு, கண்ணை அரிப்பது சூடு மட்டுமல்ல, சுண்ணாம்பின் காரமும்தான். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு ஏற்கனவே நீற்றியது, கொதிக்காது. ஆனால் காரம் அதிலும் அப்படியே இருக்கிறது. ஆகவே வெற்றிலைப் பெட்டியையும் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

கண்ணில் பட்டுவிட்டால் கசக்க விடாதீர்கள். எண்ணெய், தாய்ப்பால் எதுவும் வேண்டாம். இமையை விரித்துப் பிடித்துக் கொண்டு, குழாயடியிலோ செம்பு செம்பாகவோ நல்ல தண்ணீரை விட்டுக் குறைந்தது 20 நிமிஷம் விடாமல் கழுவுங்கள். அதன் பிறகு டாக்டரிடம் ஓடுங்கள்.

சுண்ணாம்பு தன் கடனை எப்படியும் தீர்த்துவிடும். அது தீர்க்கிற இடத்தில் நம் குழந்தை குனிந்து பார்த்துக் கொண்டிருக்கக் கூடாது. நாம் செய்ய வேண்டியது அவ்வளவுதான்.