ஊறப்போடாத கற்கள்

கட்டுமானப் பொருள் சோதனைக்கூடத்தில் இருந்தபோது செங்கல் அறிக்கைகளில் பொய் எழுதியிருக்கிறேன். விதி தெரியாமல் அல்ல, தெரிந்தேதான்.

செங்கல் சோதனைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3495 சொல்லும் முறை இது: கல்லை 24 மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். பிறகு அதன் பள்ளத்தில் ஒன்றுக்கு ஒன்று சிமெண்டுக் கலவை பூசி, ஒரு நாள் ஈரச்சாக்கின் அடியில் வைக்க வேண்டும். மறுபடி மூன்று நாள் தண்ணீர். அதன்பிறகுதான் அமுக்கு இயந்திரம். கான்ட்ராக்டர்களோ மறுநாளே ரிப்போர்ட் கேட்பார்கள். நான் கலவை இறுகியதும் தொட்டிப் பக்கமே போகாமல் காய்ந்த கல்லை நசுக்கி, "விதிப்படி ஊறவைத்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஐந்து நாளும் வெறும் சடங்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சடங்கல்ல. சூளையில் மண் வேகும்போது கொஞ்சம் உருகிக் கண்ணாடியாகி, துகள்களை ஒட்டவைக்கிறது. சுமை ஏறினால் நுண்விரிசல்களின் நுனியில் சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்புகள் இழுபட்டு நிற்கும். அங்கே வந்து சேரும் தண்ணீர் மூலக்கூறு அந்தப் பிணைப்பையே அறுத்துவிடும். காற்றில் ஈரம் கூடக்கூடக் கண்ணாடியில் விரிசல் வேகமாக நீள்வதை 1967-இலேயே வீடர்ஹார்ன் என்ற ஆய்வாளர் அளந்து காட்டிவிட்டார். நான் படித்த பாடம்தான் அது.

நன்றாக வெந்த கல் இதைத் தாங்கிக்கொள்ளும். வேகாத கல்தான் ஏமாற்றும். காய்ந்த நிலையில் அது சதுர சென்டிமீட்டருக்கு 35 கிலோ என்ற கடைசி வகுப்பைத் தாண்டிவிடலாம், நனைந்தால் நிற்காது. சுவரின் அடிவரிசை ஐப்பசி, கார்த்திகையில் நனைந்துதானே கிடக்கும்? அதற்காகத்தான் தண்ணீரில் போட்டுச் சோதிக்கச் சொல்கிறார்கள்.

ஒருமுறை, அறிக்கை கொடுத்து அனுப்பிய பிறகு, மீந்த கல் ஒன்றை வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். மறுநாள் தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறமாகியிருந்தது. எடுத்து விளிம்பில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தேன். மாவாக உதிர்ந்தது. அதே தொகுதிக் கல் "தேறியது" என்று நான் எழுதிய காகிதம் அதற்குள் கட்டடம் நடக்கும் இடத்துக்குப் போய்விட்டது.

பதிவேட்டில் முகவரியும் இருந்தது, போன் நம்பரும் இருந்தது. அஸ்திவாரம்தான் எழும்பியிருக்கும், சொல்லியிருந்தால் கல்லை மாற்றியிருப்பார்கள். இந்த அறிக்கையைத் திரும்ப வாங்கினால் பழைய அறிக்கைகளையும் தோண்டுவார்களே என்று பயந்தேன். வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு அடுத்த கல்லுக்குக் கலவை குழைக்கப் போனேன். போன் செய்யவில்லை.