நடை சாத்திய வேளையில் அமிர்தி வனம்

வேலூர்க் கோட்டைக்குள் எழுந்தருளியிருக்கும் ஜலகண்டேசுவரரைக் காலையில் வணங்கிய பக்தர்கள், மாலையில் படவேடு ரேணுகாம்பாளைத் தரிசிக்க எண்ணுவதுண்டு. இடையே நண்பகலில் நடை சாத்தியிருக்கும். அந்த வேளைக்கு உகந்த இடம் அமிர்தி.

வேலூரிலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவில், ஜவ்வாது மலையடிவாரத்தில் 1967-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சிறிய வன உயிரியல் பூங்கா இது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வருவோர்க்குத் தோல் பதனிடும் நெடி மறைந்து காட்டுக் காற்று வீசுவதே பெரும் ஆறுதல்.

எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? விரைந்து நடப்போர்க்கு ஒரு மணி நேரம் போதும். முதியோர் நிழலில் அமர்ந்து அமர்ந்து செல்ல இரண்டு மணி நேரமாவது வேண்டும். சிவபெருமான் கரத்தில் ஏந்திய மானையும், முருகப்பெருமானின் ஊர்தியான மயிலையும் உயிருடன் காணும்போது அவசரம் கூடாது அல்லவா? அருவியில் மழைக்காலத்தில்தான் நீர் பெருகும், வழி பாறைப்பாங்கானது. முழங்கால் வலியுள்ளோர் அங்குச் செல்வதைத் தவிர்த்து, பேரக்குழந்தைகளைப் பெற்றோருடன் அனுப்பலாம்.

அனுமனின் இனம் என்று குரங்குகளுக்குப் பிரசாதத்தை நீட்டுவோர் உண்டு. அது அவற்றுக்கு நலமன்று. காடே அவற்றுக்கு உணவளிக்கும். வணங்கி விலகுதலே உண்மையான ஜீவகாருண்யம்.

பூங்காவின் விடுமுறை நாளை முன்னதாகவே கேட்டறிந்து செல்க. பிற்பகல் 3 மணிக்குப் புறப்பட்டால், கண்ணமங்கலம் வழியாகப் படவேட்டை அடைந்து, களைப்பின்றி அன்னையின் மாலைத் தரிசனம் பெறலாம்.